சாலை வளைந்து கொடுத்த கோவில்

ரயில் பாதையானாலும் சாலையானாலும் நேர்கோட்டில் போடுவதுதான் சிக்கனம். தக்க காரணமின்றி எந்தப் பொறியாளரும் வளைவு வைக்க மாட்டார். அமெரிக்காவில் சிகாகோ நகரின் கென்னடி நெடுஞ்சாலை ஒரு மாதா கோவிலின் அருகே வளைந்து செல்கிறது. அதற்குக் காரணம் பிழைப்புக்காக அங்கே குடியேறிய போலந்து மக்கள். வெளியூரில் வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

முதலில் ஒரு விளக்கம். கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்வது, ஒரு கோவிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும். பொதுவாக ஒரு வட்டாரத்துக்கு ஒரு பங்கு. ஆனால் அமெரிக்காவில் குடியேறியவர்கள் மொழிவாரியாகவும் பங்கு கேட்டார்கள். 1789-இல் பிலடெல்பியாவில் ஜெர்மானியர்கள் தங்களுக்கெனத் தனிக் கோவில் திறந்தார்கள். அதுவே இதற்கு முன்னோடி.

அக்காலத்தில் பூசை எல்லா இடத்திலும் லத்தீனில்தானே, பிறகு ஏன் தனிக் கோவில் என்று கேட்கலாம். பூசை லத்தீனில் நடந்தாலும் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எல்லாம் மக்கள் மொழியில்தான். மனதிலுள்ள பாவத்தை அரைகுறை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

போலந்துக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1795 முதல் 1918 வரை அவர்கள் நாடு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று அரசுகளிடம் சிக்கிக் கிடந்தது. சொந்த அரசு இல்லாதவர்களுக்குக் கோவிலே நாடாயிற்று.

சிகாகோவில் அவர்கள் 1867-இல் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கைத் தொடங்கினார்கள். இன்றுள்ள பெரிய கோவில் 1877-இல் தொடங்கி 1881-இல் முடிந்தது. 1897-இல் பங்கில் சுமார் 8,000 குடும்பங்கள், 40,000 பேர். ஞாயிறுதோறும் மேல் கோவிலில் 6, கீழ்த்தளக் கோவிலில் 6, ஆக 12 பூசைகள்!

கோவிலோடு பள்ளியும் நடந்தது. ஒவ்வொரு கோவில் அருகிலும் பள்ளி வேண்டும் என்று 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் விதித்தார்கள். அமெரிக்காவில் கோவிலுக்கு அரசு மானியம் கிடையாது. தொழிற்சாலைக் கூலியிலிருந்து மக்கள் கொடுத்த காசில்தான் இவை எழுந்தன.

காசு கொடுத்தவர்கள் கணக்கும் கேட்டார்கள். கோவில் சொத்து யார் பெயரில் இருக்க வேண்டும், ஆயர் பெயரிலா, மக்கள் பெயரிலா? இந்தச் சண்டை பல ஊர்களில் முற்றியது. சிகாகோவிலேயே பக்கத்தில் 1873-இல் எழுந்த பரிசுத்த திரித்துவக் கோவிலின் வழக்கு தீர 20 ஆண்டுகள் ஆயின. பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் 1897-இல் ஹோடுர் என்ற குருவானவர் தலைமையில் ஒரு பிரிவினர் தனித் திருச்சபையே அமைத்துக்கொண்டார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள் என்பதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது.

1921, 1924 சட்டங்களால் புதியவர்கள் வருவது குறைந்தது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1950-களில் நெடுஞ்சாலைத் திட்டம் வந்தபோது கோவில் இருந்த இடமே அதன் வழியில் அகப்பட்டது. பங்கு மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். வரைபடம் மாறியது, பாதை விலகியது. 1960-இல் திறந்த அந்தச் சாலை இன்றும் கோவிலின் ஓரமாகவே ஓடுகிறது. இப்போது அங்கே போலிஷ் மொழியுடன் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பூசை நடக்கிறது. பின்னால் வந்த ஸ்பானிஷ் மக்களுக்கும் அதே கூரை நிழல் தருகிறது.

கட்டடத்தைக் காக்க ஒருமுறை ஒன்றுகூடினால் போதும். மொழியைக் காக்க ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றுகூட வேண்டும். நம் சங்கக் கட்டடத்துக்கு நன்கொடை தரும் அன்பர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.