புதிதாக டிபி வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு

1. மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் எடை பாருங்கள். டிபியில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடுகிறார்கள். அதற்காகத்தான் 2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. பிஎம்ஐ, கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. 160 செ.மீ. உயரமுள்ளவர் 35 கிலோ இருந்தால் பிஎம்ஐ 14ஐத் தொடாது. "நடந்துதானுங்க வந்தேன்" என்று அவர் சிரித்தாலும் வார்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். மூச்சை எண்ணப்போவதாகச் சொல்லாதீர்கள், சொன்னால் மாற்றி விடுவார். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் அவசரம்.

2. "முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்றால் பலர் இல்லை என்பார்கள். "எப்பவாவது ஆரஞ்சு கலர்ல ஒன்னுக்குப் போச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டவருக்கு அது மறக்காது. பாதியில் விட்டவர் என்றால் டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று காட்டும் சிபிநாட் ரிசல்ட் கைக்கு வரும்வரை துரத்துங்கள்.

3. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவரின் லைன் வீட்டு விலாசத்தை நம்பாதீர்கள். சொந்த ஊர் நம்பர் ஒன்று வாங்குங்கள், கான்ட்ராக்டர் நம்பரும் வாங்குங்கள். ஆனால் என்ன நோய் என்று கான்ட்ராக்டரிடம் மூச்சு விடக்கூடாது. ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால் ஆள் ரயிலேறிவிடுவார், மாத்திரை இங்கே கிடக்கும்.

4. ரிஜிஸ்டரில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் உங்கள் சென்டருக்கு வரும் ஒரு காலைக்கு அரை நாள் கூலியை விடுகிறார். மூன்றாம் மாதம் இருமல் நிற்கும், உடம்பு தேறும், ஒன்றரை ஷிப்ட் பார்க்கத் தொடங்குவார். மாத்திரை நிற்பது அப்போதுதான். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு நீங்கள் போங்கள். சனிக்கிழமைச் சம்பளம், ராத்திரி குடி, திங்கட்கிழமை வரை மாத்திரை இல்லை என்பதும் இங்கே வழக்கம். குடித்தால் இந்த மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் திட்டினால் அடுத்த வாரம் பொய் சொல்வார். குடியை நிறுத்த உதவி தேடிக்கொடுங்கள், கண் மஞ்சளாகிறதா, வாந்தி வருகிறதா என்று பாருங்கள்.

இஎஸ்ஐ இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு வருடம் வேலையும் போதிய சந்தாவும் இருந்தால், டிபிக்கு நீட்டித்த நோய்க்காலப் பயனாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

5. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரைப் பாருங்கள். போனஸ் வாங்கியதும் ஒடிசா, பீகார் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பீகார்க்காரர்கள் சத் பூஜை முடிக்காமல் திரும்பமாட்டார்கள். வழிக்கு மாத்திரை கொடுங்கள், டிபி பதிவு எண்ணான நிக்ஷய் ஐடியை எழுதிக் கையில் கொடுங்கள். அந்த எண் இருந்தால் நாட்டில் எந்த அரசு சென்டரிலும் சிகிச்சையைத் தொடரலாம்.

6. சர்க்கரை பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைக்கும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

7. "பெருந்துறை சானடோரியத்துக்கு அனுப்பிடலாமுங்களா?" என்று பெரியவர்கள் இன்னும் கேட்பார்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சிதான். நெரிசலான, சாப்பாடு குறைந்த வீடுகளிலும் மருந்து ஒழுங்காகப் போனதால் தேறினார்கள். அதனால் சாப்பாடு முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. டீயும் பன்னுமாகப் பொழுதை ஓட்டுகிறவருக்கு எடை எங்கிருந்து ஏறும்? சாப்பாட்டுக்கென்று அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் நிக்ஷய் போஷன் பணம் அவர் கணக்கில் ஏற வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றால் அது நின்றுவிடும். முதல் வாரமே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.