காணாத கல்லை வாங்குவது எப்படி?

(வணிகவியல் பிரிவு மாணவியர்)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. இம்மொழி இரத்தின வாணிகத்திற்கு முற்றிலும் பொருந்தும். மிளகளவுள்ள ஒரு கல்லுக்காக ஒரு குடும்பம் தன் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுக்கின்றது. மகளின் திருமணத்திற்கு ஒரு வைரத் தோடாவது போடவேண்டும் என்று பெற்றோர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் அது. இன்று அந்தக் கல்லைக் கண்ணால் காணாமலே, இணையத்தில் வரும் பட்டியலை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கம் பரவி வருகின்றது. அப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது? அதில் எதை நம்பலாம்? எதை விசாரித்தறிய வேண்டும்? இவற்றை நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வைரத்தை அளக்கும் நான்கு

பென்சிலில் எழுதும் கிராஃபைட்டும் வைரமும் கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறைதான் வேறு. அந்த அடுக்கு முறையே ஒன்றை மிருதுவாகவும், மற்றொன்றை இயற்கைப் பொருள்களுள் மிகக் கடினமானதாகவும் ஆக்கியது.

வைரத்தின் குற்றங்களை ஆராயும் கலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் காட்டும் இளங்கோவடிகள், காகபாதம், களங்கம், விந்து, இரேகை என்ற நான்கு குற்றங்களும் நீங்கிய வைரங்கள் அங்கிருந்ததாகக் கூறுகின்றார். காக்கைக் காலடி போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்பன அவற்றின் பொருள். இன்றைய ஆய்வுக்கூடத்தார் உருப்பெருக்கியின் கீழ்த் தேடுவதும் ஏறத்தாழ இவற்றையே அன்றோ!

இக்காலத்தில் உலக வணிகர் பெரிதும் ஏற்றுக்கொண்ட அளவுமுறை, 1931இல் இராபர்ட் ஷிப்லி என்பவர் அமெரிக்காவில் நிறுவிய ஜி.ஐ.ஏ. என்னும் இரத்தினவியல் நிறுவனத்தால் வகுக்கப்பட்டது. எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கும் அதன் தூண்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்; ஆகவே ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு காரட்டை நூறாகப் பகுத்த பங்கையே நம் ஊர் நகைக்கடையில் 'சென்ட்' என்கிறார்கள். நிறம் 'டி' என்னும் எழுத்தில் தொடங்கி 'இசட்' வரை குறிக்கப்படும். 'டி' என்பது நிறமே இல்லாத வெண்மை. தெளிவைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்துப் பதினொரு படிகளாகப் பிரிப்பர்.

இந்தப் பொதுமொழி பிறந்ததன் பயன் பெரிது. சூரத்தில் இருப்பவரும் நியூயார்க்கில் இருப்பவரும், கல்லைக் கையில் எடுக்காமலே, நான்கு சொற்களில் அதைப்பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது. இணையப் பட்டியலுக்கு அடித்தளம் இதுவே.

கல் நடந்த காலமும் விவரம் நடக்கும் காலமும்

முற்காலத்தில் வைரம் மடித்த தாள் பொட்டலத்தில் ஊர் சுற்றியது. தரகர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்குச் செல்வார். ஒரே பொட்டலம் ஒரே நாளில் நான்கு வணிகர்களின் மேசைமீது பிரிக்கப்படும். நான்கு பேரும் தத்தம் வாடிக்கையாளரிடம், "என்னிடம் ஒரு நல்ல கல் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். கல்லோ அவர்கள் எவருக்கும் சொந்தமானதன்று.

இன்று நடப்பதும் அதுவே. ஆனால் கல் நடப்பதில்லை. கல்லின் விவரம் நடக்கின்றது. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களுள், எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை நம் நாட்டின் சூரத் நகரில் உருப்பெறுகின்றன. அங்கே பட்டை தீட்டிய ஒரு கல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, ஓர் எண்ணுடன் கூடிய சான்றிதழைப் பெறுகின்றது. உரிமையாளர் கல்லைத் தம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன் எடை, நிறம், தெளிவு, வெட்டு, சான்றிதழ் எண், விலை ஆகியவற்றை வணிகர்களுக்கான பொதுப் பட்டியலில் ஏற்றுகின்றார். 'ராப்நெட்' என்பது அத்தகைய பட்டியல்களுள் பெயர் பெற்றது. சில்லறை வணிகர்கள் அப்பட்டியலை எடுத்து, தத்தம் இலாபத்தைக் கூட்டி, தங்கள் வலைத்தளத்தில் காட்டுகின்றனர். ஆயிரக்கணக்கான கற்கள் திரையில் மின்னும். ஆனால் அவர்களுடைய பெட்டியில் அவற்றுள் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

1999இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்ட 'ப்ளூ நைல்' நிறுவனம் இம்முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. வாடிக்கையாளர் ஆணை கொடுத்த பின்னரே அந்நிறுவனம் உரிமையாளரிடமிருந்து கல்லை வாங்கும். சரக்கில் முதலை முடக்கவேண்டியதில்லை. ஆகவே விலையைக் குறைக்க முடிந்தது. 2022இல் 'சிக்னெட்' என்னும் நகை நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. நம் சென்னையிலும் 2008இல் 'காரட்லேன்' என்னும் இணைய நகைக்கடை தோன்றியது. 2016இல் அதன் பெரும்பங்கை டைட்டன் நிறுவனம் வாங்கியது.

ஒரே கல், பல கடைகள்

இம்முறையில் ஒரே கல் பல கடைகளில், பல விலைகளில் தோன்றுவது இயல்பு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு காரட் எடையுள்ள ஒரு கல்லை மூன்று வலைத்தளங்கள் காட்டுகின்றன. முதல் கடையில் ரூ. 3,00,000, இரண்டாம் கடையில் ரூ. 3,18,000, மூன்றாம் கடையில் ரூ. 3,36,000. மூன்றிலும் சான்றிதழ் எண் ஒன்றே. ஆதலால் இவை மூன்று கற்களல்ல, ஒரே கல். முதல் விலைக்கும் மூன்றாம் விலைக்கும் உள்ள வேறுபாடு ரூ. 36,000, அதாவது 12 விழுக்காடு.

அப்படியானால் முதல் கடையில் வாங்குவதே அறிவுடைமையா? அவசரப்படலாகாது. மூன்றாம் கடைக்காரர் கல்லை வரவழைத்துச் சோதித்துத் தருபவராகவும், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்பவராகவும் இருக்கலாம். முதல் கடைக்காரர் கல்லைப் பிரித்தும் பாராமல் நேரே அனுப்பிவிடுபவராக இருக்கலாம். அந்த 36,000 ரூபாய் எதற்காக என்று கேட்டறிந்த பின்னரே, எது மலிவு, எது விலை அதிகம் என்று நாம் சொல்ல முடியும்.

எடையைக் குறித்தும் ஒரு நுட்பம் உண்டு. வைரத்தின் விலை முழு எண்ணைத் தொடும்பொழுது ஒரு படி ஏறுகின்றது. 90 சென்ட் கல்லுக்கு ஒரு காரட்டுக்கு இவ்வளவு என்ற வீதம் ஒன்று. 100 சென்ட் கல்லுக்கு வேறொன்று. ஆனால் நன்கு வெட்டப்பட்ட வட்டக் கல்லில், முன்னதன் குறுக்களவு ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர், பின்னதன் குறுக்களவு 6.5 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டைக் காதில் கண்டு சொல்வார் எவர்?

தாளில் இல்லாதவை

சான்றிதழ் உண்மையாகவே இருக்கட்டும். அப்பொழுதும் அது கல்லின் ஜாதகமே தவிர, கல்லின் முகமன்று. ஒரே எடை, ஒரே நிறம், ஒரே தெளிவு உள்ள இரு கற்களுள் ஒன்று ஒளியை வாரி இறைக்கும், மற்றொன்று மந்தமாயிருக்கும். அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட கல்லில் எடை உள்ளே ஒளிந்துகொள்ளும். மேலிருந்து பார்க்கச் சிறிதாகத் தோன்றும். ஒரே அளவுள்ள புள்ளி ஓரத்தில் இருந்தால் நகையின் கொக்கி மறைத்துவிடும். நடுவில் இருந்தால் கண்ணை உறுத்தும்.

சான்றிதழ்களும் ஒரே தரத்தன அல்ல. ஓர் ஆய்வுக்கூடம் தாராளமாக மதிப்பிடும். மற்றொன்று கண்டிப்பாக மதிப்பிடும். இதனாலேயே 2014 அக்டோபர் முதல், தாராளமாக மதிப்பிடும் ஆய்வுக்கூடக் குழுமம் ஒன்றின் சான்றிதழ்களைத் தன் பட்டியலில் ஏற்பதை 'ராப்நெட்' நிறுத்திக்கொண்டது.

கல் நிலத்தில் விளைந்ததா, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டதா என்பதும் முக்கியம். இரண்டும் வைரமே, கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 2025 அக்டோபர் முதல், வளர்க்கப்பட்ட வைரங்களுக்கு நிறத்தையும் தெளிவையும் பழைய குறியீடுகளால் மதிப்பிடுவதை ஜி.ஐ.ஏ. கைவிட்டு, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்னும் இரு பிரிவுகளை மட்டும் வைத்துள்ளது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. அங்கோலா, சியரா லியோன் நாடுகளின் உள்நாட்டுப் போர்களில் வைரம் ஆயுதம் வாங்கப் பயன்பட்டது. அதைத் தடுக்கவே 2003இல் 'கிம்பர்லி முறை' நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது பட்டை தீட்டாத கற்களுக்கு மட்டுமே உரியது. ஒரு கல்லைத் தோண்டியவனுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதற்குப் பட்டியலில் ஒரு கட்டமும் இல்லை.

கேட்டறிய வேண்டியவை

1. இக்கல் இப்பொழுது எங்கே இருக்கிறது? விற்றுப்போகவில்லை என்பது உறுதியா? பழைய பட்டியலில், விற்ற கல்லும் சிலநாள் தொங்கிக்கொண்டிருக்கும்.

2. காட்டப்படும் படம் இதே கல்லின் படமா, பொதுப் படமா?

3. சான்றிதழ் எண்ணை, விற்பவரின் பக்கத்தில் அன்றி, ஆய்வுக்கூடத்தின் சொந்த வலைத்தளத்தில் நாமே இட்டுப் பார்த்தோமா? எல்லா விவரங்களும் ஒத்துள்ளனவா?

4. கல்லை நமக்கு அனுப்புமுன் நிபுணர் ஒருவர் கையில் எடுத்துப் பார்ப்பாரா?

5. பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம்? முழுப்பணமும் வருமா? வழியில் தொலைந்தால் காப்பீடு உண்டா? இவை யாவும் எழுத்தில் உள்ளனவா?

6. பிற்காலத்தில் விற்றால் என்ன கிடைக்கும்? வைரம் தங்கத்தைப் போன்றதன்று. வாங்கிய விலை திரும்புவது அரிது. அணிவதற்காக வாங்கலாம், முதலீடு என்று எண்ணி வாங்கலாகாது.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தம் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகியவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். குறையிருந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

கல் வந்து சேர்ந்தபின் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பல கற்களின் விளிம்பில் சான்றிதழ் எண் லேசர் கதிரால் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஒன்றே போதும் என்று எண்ணலாகாது. இயற்கை வைரத்தின் எண்ணை வளர்க்கப்பட்ட கல்லில் பொறித்து ஏமாற்ற முயன்றதை ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்துள்ளன. ஆகவே விற்றவருக்குத் தொடர்பில்லாத ஒரு நிபுணரிடம் கொடுத்து, எடை, அளவு, உள்ளிருக்கும் புள்ளிகள் ஆகியவற்றைச் சான்றிதழுடன் ஒப்பிட வேண்டும். பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட பாண்டியன், சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. முத்தா, மாணிக்கமா என்று முன்னரே பார்த்திருந்தால், கோவலன் உயிர் போயிருக்குமா? மதுரைதான் எரிந்திருக்குமா?

முடிவுரை

தம்மிடம் இல்லாத கல்லைப் பட்டியலில் காட்டுவது குற்றமன்று. "இது என்னிடம் இல்லை, சூரத்தில் இருக்கிறது, வரவழைத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறும் வணிகர் நேர்மையானவர். அதை மறைத்து, "என் கடைச் சரக்கு" என்பவரிடமே நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! புனித தோமையார் காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். காணாமல் விசுவசிப்போரை ஆண்டவர் வாழ்த்தினார். அந்த விசுவாசம் இறைவனுக்குரியது, விலைப்பட்டியலுக்குரியதன்று! கடையில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று பெண்களாகிய நாம் பலகாலம் வாய்மூடி நின்றோம். பெற்றோரின் வியர்வையில் விளைந்த பணத்தைக் காப்பதற்காகக் கேட்கும் கேள்வி, மரியாதைக் குறைவு அன்று. அது நம் கடமை. நாளை நம் வீட்டில் இத்தகைய பட்டியல் ஒன்று திறக்கப்படும்பொழுது, கல்லின் ஒளியில் மயங்காமல், அதன் எண்ணை முதலில் கேட்கும் மகளிராய் நாம் விளங்குவோமாக!