உள்ளகச் சேவையகத்துடன் இணைப்பு ஏற்படாதபோது வழுவைக் கண்டறிதல்



செயற்றிட்டத்துக்காக நீங்கள் பல நாட்கள் பாடுபட்டு ஆக்கிய வலைத்தளம் நேற்று வரை நன்றாக இயங்கியது. நாளை அதை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். இன்றிரவு வலை மேலோடியைத் திறந்தால் “இணைப்பு மறுக்கப்பட்டது” என்ற செய்தி மாத்திரம் தோன்றுகிறது. இவ்வேளையில் பலர் பதற்றமடைந்து, சாம்ப் மென்பொருளை முழுமையாக நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகின்றனர். அதன் கோப்புறையையும் அழித்துவிட்டால் வலைப்பக்கங்களும் தரவுத்தளமும் சேர்ந்தே அழியும். எனவே முதலில் எதையும் அழிக்காதீர்கள். வழுச் செய்தியை வாசித்து, காரணத்தைப் படிமுறையாகக் கண்டறியுங்கள்.

1. அடிப்படை விளக்கம்

சேவையகம் என்பது கோரிக்கையைப் பெற்றுப் பதிலளிக்கும் மென்பொருள் ஆகும். அது தொலைவிலுள்ள பெரிய கணினியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கணினியில் அப்பாச்சியை இயக்கினால் அக்கணினியே சேவையகமாகவும், மேலோடி மூலம் சேவைப்பயனராகவும் தொழிற்படும்.

லோக்கல்ஹோஸ்ட் என்னும் பெயர் “இதே கணினி” என்பதைக் குறிக்கும். அதற்குரிய ஐ.பி. முகவரி 127.0.0.1 ஆகும். இம்முகவரிக்கு அனுப்பப்படும் தரவு கணினியை விட்டு வெளியே செல்லாது. ஆகவே இணைய இணைப்பு இல்லாவிடினும் உள்ளகச் சேவையகம் இயங்கும்.

ஒரு கணினியில் பல சேவைகள் இயங்கலாம். கோரிக்கை எந்தச் சேவைக்குரியது என்பதைத் துறை எண் காட்டும். துறை எண்கள் 0 முதல் 65535 வரை அமையும். பின்வருவனவற்றை மனதில் இருத்துக.

• எச்.ரீ.ரீ.பீ. – 80
• எச்.ரீ.ரீ.பீ.எஸ். – 443
• மைஎஸ்கியூஎல் – 3306

ஐ.பி. முகவரி பாடசாலையின் முகவரி எனின், துறை எண் வகுப்பறையின் இலக்கம் போன்றது. பாடசாலைக்குச் சரியாக வந்தவரும் பூட்டிய வகுப்பறைக்கு முன்னால் நின்றால் யாரையும் சந்திக்க முடியாது.

2. வழுச் செய்தி கூறுவது என்ன?

(அ) இணைப்பு மறுக்கப்பட்டது: கணினி கிடைத்தது. ஆனால் அந்தத் துறையில் எந்தச் சேவையும் செவிமடுக்கவில்லை. பெரும்பாலும் அப்பாச்சி தொடக்கப்படவில்லை, அல்லது வேறு துறையில் இயங்குகிறது.

(ஆ) நேரம் கடந்துவிட்டது: மறுப்புக்கூட வரவில்லை. தீச்சுவர் கோரிக்கையைத் தடுத்திருக்கலாம், அல்லது ஐ.பி. முகவரி பிழையாக இருக்கலாம்.

(இ) சேவையகப் பெயர் காணப்படவில்லை: பெயருக்குரிய ஐ.பி. முகவரி கிடைக்கவில்லை. எழுத்துப் பிழையைச் சரிபார்க்கவும்.

(ஈ) 404: இணைப்பு ஏற்பட்டது, சேவையகமும் பதிலளித்தது. நீங்கள் கேட்ட கோப்பு அவ்விடத்தில் இல்லை.

(உ) 500: சேவையகம் இயங்குகிறது. நிரலிலோ அமைப்பிலோ வழு உள்ளது.

404, 500 ஆகிய எண்களைக் கண்டால் அப்பாச்சியைக் குறை கூற வேண்டாம். சேவையகம் உயிருடன் இருப்பதாலேயே அவ்வெண்கள் வந்தன.

3. பரிசோதிக்கும் ஒழுங்கு

படி 1: சாம்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சி தொடங்கியுள்ளதா எனப் பார்க்கவும். இயங்கும்போது அதன் பெயர் பச்சை நிறமாகி, அருகில் துறை எண்கள் தோன்றும்.

படி 2: மேலோடியில் 127.0.0.1 எனத் தட்டச்சு செய்க. இது இயங்கி லோக்கல்ஹோஸ்ட் இயங்காவிடின், பெயரை முகவரியாக மாற்றுவதில் சிக்கல் உள்ளது.

படி 3: அப்பாச்சி தொடங்கியவுடன் நின்றுவிட்டால், துறை 80 ஐ வேறொரு மென்பொருள் பிடித்திருக்கலாம். வின்டோஸில் மைக்ரோசொப்டின் ஐ.ஐ.எஸ். இவ்வாறு செய்வதுண்டு. கட்டுப்பாட்டுப் பலகத்திலுள்ள நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தினால், எந்தத் துறையை எம்மென்பொருள் பயன்படுத்துகிறது என்ற பட்டியல் கிடைக்கும்.

படி 4: அம்மென்பொருளை நிறுத்தவும். முடியாவிடின் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் “லிஸன் 80” என்ற வரியின் எண்ணை 8080 என மாற்றி, அப்பாச்சியை மீண்டும் தொடக்கவும். இதன் பின்னர் முகவரியில் லோக்கல்ஹோஸ்டை அடுத்து முக்காற்புள்ளியும் 8080 உம் இட வேண்டும். துறை 443 உம் பிடிபட்டிருந்தால் அதற்குரிய அமைப்புக் கோப்பையும் மாற்ற வேண்டும்.

படி 5: பக்கத்தில் நிரல் வரிகளே எழுத்தாகத் தெரிந்தால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்திருப்பீர்கள். பீ.எச்.பீ. கோப்பு எச்.ரீ.டொக்ஸ் கோப்புறையில் இருக்க வேண்டும். அதை லோக்கல்ஹோஸ்ட் முகவரி வழியாகவே திறக்க வேண்டும்.

4. தரவுத்தள இணைப்பு வழுக்கள்

பக்கம் திறந்தும் தரவு வராவிடின் வழு எண்ணைக் கவனிக்கவும்.

• 2002: தரவுத்தளச் சேவையகத்தை அடைய முடியவில்லை. மைஎஸ்கியூஎல் தொடங்கியுள்ளதா, துறை எண் சரியா எனப் பார்க்கவும்.
• 1045: சேவையகம் கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை. பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் பிழை.
• 1049: அனுமதி கிடைத்தது, குறிப்பிட்ட பெயருடைய தரவுத்தளம் இல்லை.

மைஎஸ்கியூஎல் தொடங்க மறுத்தால், தரவுக் கோப்புறையிலுள்ள ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழிக்குமாறு நண்பர்கள் கூறக்கூடும். அதை அழித்தால் உங்கள் அட்டவணைகள் திறக்கப்படமாட்டா. முதலில் தரவுக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் பிரதி செய்து வையுங்கள்.

5. வேறு கணினியிலிருந்து பார்த்தல்

ஆய்வுகூடத்திலுள்ள இன்னொரு கணினியில் லோக்கல்ஹோஸ்ட் எனத் தட்டச்சு செய்தால் அது தன்னையே தேடும், உங்கள் கணினியைத் தேடாது. இடத்துரி வலையமைப்பில் உங்கள் கணினிக்குள்ள ஐ.பி. முகவரியை, உதாரணமாக 192.168.1.10 என்பதை, வழங்க வேண்டும். அப்போதும் திறக்காவிடின் தீச்சுவரில் அப்பாச்சிக்கு அனுமதி உள்ளதா எனப் பார்க்கவும்.

6. செயற்றிட்டத்தைக் கொண்டுசெல்லல்

மாணவி ஒருவர் வீட்டிற் செய்த நூலகத் தளத்தின் எச்.ரீ.டொக்ஸ் கோப்புறையை மாத்திரம் பென்டிரைவில் பிரதி செய்து பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அங்கு 1049 வழு தோன்றியது. தரவுத்தளம் வேறு கோப்புறையில் இருப்பதால் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. பீ.எச்.பீ.மைஅட்மின் மூலம் தரவுத்தளத்தை ஒரு எஸ்.கியூ.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து, வலைப்பக்கங்களுடன் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் இதைச் செய்தால், கணினி பழுதானாலும் உங்கள் உழைப்பு வீண்போகாது.

பயிற்சி வினாக்கள்

1. இணைய இணைப்பைத் துண்டித்த பின்னரும் லோக்கல்ஹோஸ்ட் பக்கம் திறக்கிறது. காரணம் தருக.
2. “அப்பாச்சி இயங்காததால் 404 வந்தது” என ஒருவர் கூறுகிறார். இது சரியா?
3. அப்பாச்சியின் துறை 8080 ஆக மாற்றப்பட்டது. லோக்கல்ஹோஸ்ட் என மட்டும் தட்டச்சு செய்தபோது இணைப்பு மறுக்கப்பட்டது. ஏன்?

விடைகள்

1. 127.0.0.1 இற்கு அனுப்பப்படும் தரவு அதே கணினிக்குள்ளேயே திரும்புவதால்.
2. பிழை. 404 என்பது இயங்கும் சேவையகம் அனுப்பும் பதில் ஆகும்.
3. துறை எண் குறிப்பிடப்படாவிடின் எச்.ரீ.ரீ.பீ. கோரிக்கை துறை 80 இற்குச் செல்லும். அங்கு செவிமடுக்கும் சேவை எதுவும் இல்லை.