இடுப்பருகே எலும்புக் கட்டி: திறந்துதான் எடுக்க வேண்டுமா?

கேள்வி: இரவானால் என் மகன் தொடை வலியில் துடிக்கிறான். தொடை எலும்பின் கழுத்தில் ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்கிறார்கள். பெரிய ஆபரேஷன் தேவையா?
– ஒரு தாய், விஷ்ராந்த்வாடி, புனே

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது புற்றுநோய் அல்ல. 1935-இல் நியூயார்க் மருத்துவர் ஜாஃபி தனி நோயாக விவரித்த கட்டி. அதன் கரு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். இரவில் கூடும் வலி ஆஸ்பிரின் வகை மாத்திரைக்கு அடங்குவது இதன் முக்கிய அடையாளம்.

முன்பு எலும்பைத் திறந்து செதுக்கி எடுப்பார்கள். உடல் பாரம் தாங்கும் இடத்தில் அப்படிச் செதுக்கினால் எலும்பு பலவீனமாகி முறியும் அபாயம் உண்டு. இப்போது மயக்க மருந்து கொடுத்து, சி.டி. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தால் சுமார் 90 டிகிரியில் சில நிமிடங்கள் சுட்டுவிடுகிறார்கள். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு வலி மறுபடி வரலாம். அப்போது திரும்பச் செய்யலாம்.

எலும்பு மருத்துவரும் ரேடியாலஜிஸ்ட்டும் சேர்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனையாகப் பாருங்கள். மாத்திரையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.