'நெட் வரலை' என்பதற்கு முன்னால்: தானே கவனித்துச் செயல்படும் நெட்வொர்க் ஸ்விட்ச்

"நெட் வரலைங்க, மதியத்துக்கு மேல வாங்க." ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு வந்தவருக்கு இந்தப் பதில் சின்ன விஷயம் இல்லை. கோளாறு எங்கோ தூரத்து சர்வரில்தான் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அது அதே அலுவலகத்தின் மூலையில், சுவரில் மாட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டியின் பெயர் நெட்வொர்க் ஸ்விட்ச்.

ஸ்விட்ச் என்ன செய்கிறது?

இது விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. வரிசையாகத் துளைகள் கொண்ட பெட்டி. ஒவ்வொரு துளைக்கும் 'போர்ட்' என்று பெயர். பெரும்பாலும் 24 அல்லது 48 போர்ட்கள் இருக்கும். கணினி, பிரிண்டர், கேமரா எல்லாம் இதில் கேபிள் மூலம் இணையும். இங்கிருந்து ஒரு கேபிள் வெளி நெட்வொர்க்குக்குப் போகும். அதுதான் 'அப்லிங்க்'.

ஒரு கேபிள் போதும்

சுத்தம் செய்யும்போது ஒரு கேபிள் கழன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ நல்ல எண்ணத்தில் அதன் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடுகிறார். இதற்கு 'லூப்' என்று பெயர். 'எல்லோருக்கும்' என்று அனுப்பப்படும் தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். ஈதர்நெட் தகவலுக்கு ஆயுள் வரம்பு கிடையாது, அதனால் அது தானாக அடங்காது. சில நொடிகளில் மொத்த அலுவலகமும் நின்றுபோகும்.

பாதுகாப்பு அமைத்த ஸ்விட்ச் லூப்பைக் கண்டதும் அந்த போர்ட்டை மூடிவிடும். மற்றவர்கள் தப்பித்தார்கள். ஆனால் மூடிய போர்ட் மூடியே கிடக்கும், யாராவது திறக்கும் வரை.

ஸ்விட்ச் பேசும் மொழி

நடப்பதையெல்லாம் ஸ்விட்ச் குறித்து வைக்கிறது. இதற்கு 'சிஸ்லாக்' என்று பெயர். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண் உண்டு. எண் சிறியதானால் ஆபத்து பெரிது: 0 என்றால் கருவியே பயன்படாத நிலை, 7 என்றால் வெறும் ஆய்வுக் குறிப்பு. 'எஸ்.என்.எம்.பி.' என்ற இன்னொரு முறையில், கண்காணிப்பு மையம் கேட்டாலும் பதில் சொல்லும், அவசரம் என்றால் கேட்காமலேயே எச்சரிக்கை அனுப்பும்.

செய்தி வந்தும் அதைப் பார்க்க ஆள் இல்லை என்றால்? இங்கேதான் தானியங்கி விதி உதவுகிறது.

'இது நடந்தால், அதைச் செய்'

சிஸ்கோ நிறுவனத்தின் பல ஸ்விட்ச்களில் 'எம்பெடட் ஈவென்ட் மேனேஜர்' என்ற வசதி ஸ்விட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. அதில் எழுதும் விதிக்கு இரண்டு பாகங்கள்: எந்த நிகழ்வு, என்ன செயல்.

ஓர் எடுத்துக்காட்டு. கேமராவும் வைஃபை கருவியும் பல இடங்களில் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. 2003-இல் வந்த முதல் தரநிலைப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். வைஃபை கருவி உறைந்துபோனால் நாம் என்ன செய்வோம்? ஆஃப் செய்து ஆன் செய்வோம். அதையே ஸ்விட்ச் செய்யும்:

1. கருவி உயிரோடு இருக்கிறதா என்று இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.
2. தொடர்ந்து பதில் இல்லையென்றால் அதை நிகழ்வாக எடுத்துக்கொள்ள வேண்டும்.
3. அந்த போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி, 10 நொடி பொறுத்து, மறுபடி கொடுக்க வேண்டும்.
4. செய்ததைப் பதிவு செய்து பொறியாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

சறுக்கும் இடங்கள்

இந்த வசதியில் ஒரு விதி ஓடுவதற்கான நேரம், தனியாக மாற்றாவிட்டால், 20 நொடிதான். விதியில் '30 நொடி பொறு' என்று எழுதினால் மின்சாரத்தை நிறுத்திய பிறகு விதி பாதியில் நின்றுவிடும். கருவி இருட்டிலேயே கிடக்கும். காத்திருப்பு கூடினால் நேர வரம்பையும் கூட்ட வேண்டும்.

அடுத்தது வரிசை எண். செயல்களை எழுத்து வரிசையில்தான் அது படிக்கும். அதனால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும். 010, 020 என்று ஒரே நீளத்தில் எழுதினால் குழப்பம் இல்லை.

மூடிய போர்ட்டைத் தானாகத் திறக்கவும் வழி உண்டு. அந்த வசதியை இயக்கினால், மாற்றாத வரை 300 நொடிக்குப் பிறகு திறக்கும். ஆனால் லூப் அப்படியே இருந்தால் திறப்பதும் மூடுவதுமாக அது ஓயாது. குறிப்பிட்ட நேரத்தில் மூன்று முறை மூடினால் ஆளைக் கூப்பிடு என்று இன்னொரு விதி வேண்டும்.

முக்கியமாக, அப்லிங்க்கை மூடும் அதிகாரத்தை எந்த விதிக்கும் தரக் கூடாது. அது மூடினால் தூரத்திலிருந்து சரிசெய்யும் வழியும் சேர்ந்தே மூடிவிடும்.

நமக்கு என்ன?

உங்கள் வீட்டு ரூட்டரின் செயலியில் 'புதிய கருவி இணைந்தால் அறிவி' என்ற வசதி இருந்தால் இயக்கி வையுங்கள். அதுவும் இதே யோசனைதான்.

சேவை மையத்தில் பாதியில் நெட் போனால், விண்ணப்ப எண் உருவாகிவிட்டதா என்று கேளுங்கள். கட்டணம் பிடித்தம் ஆகியிருந்தால், நிலை தெரியாமல் இரண்டாம் முறை கட்ட வேண்டாம்.

அலுவலகத்தில் கேபிள் தொங்குவதைப் பார்த்தால் நீங்களே செருகிவிடாதீர்கள். ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.