பால் விலையும் வைக்கோல் கட்டும்

சென்னை குடிநீருக்கே தவித்த 2019-ஆம் ஆண்டின் ஆகஸ்டில், ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 28 ரூபாயிலிருந்து 32 ஆக உயர்த்தியது. ஆனால் சொசைட்டியில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்தே பணம் தருகிறார்கள். பசுந்தீவனமின்றி வைக்கோலை மட்டும் தின்னும் பசுவின் பாலில் திடப்பொருள் குறையும்; அறிவித்த விலை முழுதாகக் கைக்கு வராது.

நாவலூரில் மேய்ச்சல் நிலங்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. இனி தீவனம் காசுக்குத்தான். வறட்சியில் கறவை மாடு அடிமாட்டு விலைக்குப் போகிறது. மழை வந்தபின் அந்த விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. எனவே புது மாடு வாங்கித் தருவதைவிட, இருக்கும் மாட்டை விற்காமலிருக்கத் தீவனத்துக்கு வட்டியில்லாக் கடன் தருவதே முறை என்று கருதுகிறோம். (மாடு கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும், அது வேறு!)

கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் உள்ளவர்கள் கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் விதைக்கலாம். ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேளுங்கள்.