மீட்டிங்குக்கு முன்பே பாதி வேலை

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறாய், கண்ணு. கட்டிங் மாஸ்டர், டையிங் யூனிட், புரொடக்‌ஷன் மேனேஜர் என யாருமே உனக்குக் கீழே இல்லை. ஆனால் ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் பையருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான். அதிகாரம் இல்லாதவளுக்குப் பேச்சுதான் துணை.

எதைக் கேட்டாலும் காரணத்தோடு கேள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களிடம் 'நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றை உளவியலாளர் எலன் லாங்கர் தன் குழுவோடு 1978-ல் வெளியிட்டார். 5 பக்கம்தான் என்றபோது, சும்மா கேட்டதற்கு 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். 'அவசரம்' என்றதும் 94. 'காப்பி எடுக்கணும், அதனால' என்று ஒப்புக்குச் சொன்னதற்குக்கூட 93! 20 பக்கம் என்றதும் கதை மாறியது. ஒப்புக்குச் சொன்ன காரணம் 24-ஐத் தாண்டவில்லை. உண்மையான அவசரத்துக்கு 42. பெரிய உதவிக்குக் கனமான காரணம் வேண்டும்.

"சார், என் ஆர்டரை முதல்ல லைன்ல ஏத்துங்க" என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கெஞ்சாதே. அதையே காலையிலிருந்து எல்லோரும் அவரிடம் சொல்லியிருப்பார்கள். இப்படிக் கேட்டுப் பார்: "சார், வியாழக்கிழமைக்குள்ள பேக்கிங் முடியலைன்னா தூத்துக்குடியில வெசலை விட்டுடுவோம். அப்புறம் ஏர்ல அனுப்பற செலவு நம்ம தலையிலதான். துணி வந்தாச்சு, ப்ரீ-புரொடக்‌ஷன் சாம்பிள் அப்ரூவலும் கையில இருக்கு. எந்த லைன் எப்போ காலியாகுதுங்க சார்?" கெடு, நஷ்டம், உன் பக்கத்து வேலை முடிந்ததற்கான அத்தாட்சி மூன்றும் இதில் இருக்கின்றன. 'முடியுமா' என்றால் 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 'எப்போ' என்றால் யோசிக்கத் தொடங்குவார்.

எல்லோர் முன்னாலும் முதன்முறையாக இதைக் கேட்காதே. சபையில் மறுத்தவர் பிறகு மனம் மாறினாலும் இறங்கிவர மாட்டார். மீட்டிங்குக்கு முன்பே ஃப்ளோருக்குப் போய் அவருடைய சிரமத்தைக் கேள். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் எழுதிய பேச்சுவார்த்தைப் புத்தகத்தின் சாரம் இதுதான்: ஒருவர் பிடிக்கும் பிடிவாதத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் தேவையைத் தேடு. "ஆள் இல்லை" என்பார். டெய்லர் வரவில்லையா, ஓவர்லாக் மெஷின் ரிப்பேரா, இன்னொரு ஆர்டருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாரா? மூன்றுக்கும் மூன்று வழி. கேட்டால்தானே தெரியும்!

"தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பதை விட்டுவிடு. நியாயமானதைக் கேட்க மன்னிப்பு எதற்கு? பேசி முடித்ததும் ஒத்துக்கொண்ட தேதியை இரண்டே வரியில் மெயில் போடு. தாமதம் தவிர்க்க முடியாதது என்றால், பையர் கண்டுபிடிக்கும்முன் நீயே சொல். அதற்குமுன் புரொடக்‌ஷனில் விசாரித்து, காப்பாற்றக்கூடிய புதுத் தேதியைக் கையில் வைத்துக்கொள்.